குதிரையை உண்ணி கடித்தால்

மாட்டின் காதுமடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணியை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். வயிறு நிறைந்ததும் அது கொட்டைமுத்து போலவே உப்பிவிடும். ஐரோப்பியக் காடுகளில் உள்ள உண்ணியின் பெயர் இக்ஸோடெஸ் ரிசினஸ். லத்தீனில் ரிசினஸ் என்றால் உண்ணி. ஆமணக்குக்கும் அதே பெயர்தான்; விதை உண்ணியைப் போல இருப்பதால் வந்த பெயர்.

பிரான்சில் என் பேத்தி குதிரையேற்றம் கற்கிறாள். அவள் ஏறும் குதிரைக்குச் சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். லைம் நோய்க்கு 'பொசித்தீஃப்' என்று வந்தது. குதிரையோ நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது. இருந்தும் அதைக் கைமாற்றிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மகள் அந்தச் சீட்டை எனக்கு அனுப்பினாள். பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இப்படிப்பட்ட காகிதங்கள் என்னிடம்தான் வரும்.

தேடிப் படித்ததில் விளங்கியது இதுதான். லைம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் உடலுக்குள் கண்டுபிடித்தார். 1982இல் அது வெளியானது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைப் போல உண்ணி நிறைந்த இடங்களில் ஏராளமான குதிரைகளின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. ஆனால் நோய்வாய்ப்படுபவை மிகச் சில. அலுவலகத்தில் தபால் பதிவேடு வைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடிதம் என்றோ வந்தது என்பதற்குப் பதிவு இருக்கும். கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்பதை அந்த வரி சொல்லாது. நொண்டல், நரம்புக் கோளாறு, கண் அழற்சி என்று குறி ஏதும் இருந்தால்தான் மேலே பார்க்க வேண்டும். அங்குள்ள கால்நடை மருத்துவரும் குதிரையைச் சோதித்துவிட்டு மருந்து வேண்டாம் என்றார். காரணமில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குதிரையின் குடல் கெட்டு, கடும் கழிச்சல் வரக்கூடும். குதிரை லாயத்திலேயே இருக்கிறது.

அனப்லாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவும் இதே உண்ணியால்தான் வருகிறது. அது வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும். திடீரென்று கடுங்காய்ச்சல் அடிக்கும், தீனியில் நாட்டம் போகும், கால்கள் வீங்கும், கண் மஞ்சளிக்கும். அப்போது இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும். டெட்ராசைக்ளின் வகை ஊசி போட்டால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும்.

தினமும் தாடை அடி, பிடரி, தொடையிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில் தடவிப் பார்ப்பதே நல்ல காவல். லைம் கிருமி உடலுக்குள் இறங்கப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே அன்றன்றே எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. எண்ணெய் ஊற்றுவதோ நெருப்பு வைப்பதோ கூடாது. தோலை ஒட்டிப் பிடித்து இழுத்தெடுக்க வேண்டும்.

நம் ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறோமே, ஸ்க்ரப் டைஃபஸ், அது வேறு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. ஆனால் நாய் வளர்ப்பவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினம் பாருங்கள். பரிசோதனைச் சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் நாயையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.