புகை குடித்த சுவர்

மணப்பாறையில் முறுக்குத் தொழில் நடக்கும் தெருக்களில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காயும் எண்ணெயின் வாசமும் விறகுப் புகையும் வாசலைத் தாண்டி வந்து சொல்லிவிடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு இன்றைக்கும் பெரும்பாலும் வீட்டுத் தொழில்தான். குடும்பமாக உட்கார்ந்து பிழிகிறார்கள், குடும்பமாகச் சுடுகிறார்கள். ஊர்த் தண்ணீரில் இருக்கும் லேசான உப்புதான் அதன் ருசி என்பார்கள். அந்த முறுக்கு பல வருடங்களாக வெந்த ஓர் அறையைப் பெயிண்டர்கள் எப்படி மீட்டெடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த ஊருக்குப் போயிருந்தேன்.

அந்த வீட்டில் அடுப்பைக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அடுப்பிருந்த அறைதான் புது மணமக்களுக்கு. நான் உள்ளே போனபோது அடுப்பு மூலையில் சுவர் கன்னங்கரேலென்று பளபளத்தது. தள்ளிப் போகப் போகக் கறுப்பு பழுப்பாகி, எதிர்ச்சுவரில் மஞ்சளாக நின்றது. மேலே ஒட்டடை ஒவ்வோர் இழையிலும் கரியோடு தொங்கியது.

மேஸ்திரி முதலில் செய்தது ஒரு சோதனை. உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிச் சுவரில் தெளித்தார். எதிர்ச்சுவரில் தண்ணீர் உடனே உள்ளே இறங்கியது. அடுப்பு மூலையில் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடியது. “பாருங்க சார், இங்க எண்ணெய் ஊறியிருக்கு. இது மேல எதை அடிச்சாலும் தோலா உரிஞ்சி வந்துரும்” என்றார்.

வீட்டு அம்மாவுக்கு அவசரம். “இவ்ளோ எதுக்கு தம்பி? மேலாப்புல ரெண்டு கோட்டு அடிச்சுவிட்டா மறைஞ்சிராதா?”

“மறையும்க்கா. இப்ப மறையும். ஐப்பசி மழை பிடிச்சதும் வெளிய வந்துரும்.”

அவர் சொன்னதில் ஒரு வேதியியல் இருக்கிறது. புகைக்கறை வெறும் கரி மட்டும் அல்ல. விறகு முழுதாக எரியாதபோது கரித்துகளோடு தார் போன்ற பிசுக்கும் ஆவியாகக் கிளம்பி, குளிர்ந்த சுவரில் படிகிறது. முறுக்கு அறையில் அதோடு எண்ணெய் ஆவியும் சேரும். கரி கரையாது, பெயிண்ட்டுக்குள் அப்படியே கிடக்கும். ஆனால் அந்தப் பழுப்புப் பிசுக்கின் ஒரு பகுதி தண்ணீரில் கரையக்கூடியது. இன்று நாம் உபயோகிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட். அதை நேராக அடித்தால் அந்தத் தண்ணீரே கறையைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. பெயிண்ட் காயக் காயக் கறை மேற்பரப்பில் வந்து நிற்கும். காற்றில் ஈரம் கூடும் மழைக்காலத்தில் மிச்சமும் வெளியே வரும். இன்னொரு கோட் அடித்தால் இன்னொரு முறை கரையும், அவ்வளவுதான்.

இதை வீட்டு அம்மாவுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க மேஸ்திரி முயலவில்லை. மூலையில் ஒரு முழ அகலத்துக்கு இரண்டு பட்டைகள் அடித்து வைத்தார். ஒன்றில் தண்ணீர் பிரைமரும் எமல்ஷனும், மற்றதில் ஆயில் பிரைமரும் அதே எமல்ஷனும். மறுநாள் காலையில் முதல் பட்டையில் டீ டிகாஷன் நிறத்தில் திட்டுத் திட்டாக ஊறியிருந்தது. பக்கத்துப் பட்டை அடித்தபடியே வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை.

கறையை எடுப்பதில் மேஸ்திரியும் அவருடைய இரண்டு ஆட்களும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: முதலில் தண்ணீர் படக்கூடாது. கரித்துகள் மாவைவிடப் பலமடங்கு பொடி. ஈரத்துணியால் தேய்த்தால் அது குழைந்து பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. அதனால் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒட்டடை அடித்து, உலர்ந்த பனியன் வேஸ்ட்டால் ஒரே திசையில் இழுத்துத் துடைத்தார்கள். துணி கறுத்ததும் மடிப்பைத் திருப்பினார்கள். எல்லா மடிப்பும் கறுத்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தார்கள். தேய்க்கவே இல்லை.

அடுத்து சுரண்டல். இரும்புச் சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து இழுக்க, பழைய சுண்ணாம்பு தகடு தகடாக வந்தது. ஒரு தகட்டை எடுத்து விளிம்பைப் பார்த்தேன். வெள்ளை, அதன்மேல் பழுப்பு, பிறகு நீலம் கலந்த வெள்ளை, மறுபடி பழுப்பு என்று மாறி மாறிப் படிந்திருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை, அடுத்த பொங்கல் வரைக்கும் ஏறிய புகை. வருடா வருடம் வெள்ளையடித்த காலத்தில் கறை திரும்பி வருவது ஒரு பிரச்சினையாகவே இல்லை. அது முழுக்கத் தலைகாட்டுவதற்குள் அடுத்த தை வந்துவிடும். ஒருமுறை அடித்தால் பல வருடம் நிற்க வேண்டும் என்று எமல்ஷனுக்கு நாம் மாறியபோதுதான் அடியில் இருப்பதைச் சுத்தம் செய்தே தீரவேண்டிய கட்டாயம் வந்தது.

சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டியபின் கழுவல். வெந்நீரில் சலவை சோடா கரைத்து, நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்தார்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாகக் கறை பிடிக்கும். கீழ்ப்பகுதி முன்பே நனைந்திருந்தால் பிடிக்காது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல். சோடா மிச்சம் இருந்தால் அதுவே பெயிண்ட்டைக் கெடுக்கும். மறுபடி தெளித்துப் பார்த்தபோது அடுப்பு மூலையும் தண்ணீரை உறிஞ்சியது. மேஸ்திரி முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

அதன் பிறகு வேலையே இல்லாத நாட்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டுச் சுவரைக் காயப்போட்டார்கள். ஈரச் சுவரில் ஆயில் பிரைமர் அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். அடுப்புக்கு மேலே வெப்பத்தில் பொரிந்துபோன பூச்சை ஒரு மாதம் முன்பே கொத்திப் புதிதாகப் பூசச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. புதுச் சிமெண்ட் பூச்சுக்கு 28 நாளாவது அவகாசம் வேண்டும். அதற்குமுன் அதிலுள்ள காரம் ஆயில் பிரைமரைச் சோப்பாக்கிவிடும்.

காய்ந்த சுவரில் டர்பன்டைனில் கலக்கும் சிமெண்ட் பிரைமரை அடித்தார்கள். தண்ணீர் இல்லாததால் அது கறையைக் கரைத்து இழுப்பதில்லை. காய்ந்ததும் மேலே வரும் எமல்ஷனின் தண்ணீரைக் கறைக்குப் போகவிடுவதும் இல்லை. அப்படியும் அடுப்பு மூலையில் இரண்டு இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அதற்கு மேஸ்திரி வைத்திருந்த மருந்து, தச்சர்கள் பாலிஷுக்கு வைத்திருக்கும் அரக்கு. மெழுகு நீக்கிய அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்த இடங்களில் மட்டும் தடவினார். முக்கால் மணி நேரத்தில் காய்ந்தது. ஜார்க்கண்ட் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் புகைக்கறையையும் புகை நாற்றத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. கறை அடைப்பதில் இதற்கு நிகரான பொருள்கள் குறைவு.

பிறகு பட்டி. வெள்ளை சிமெண்ட் பட்டி நனைந்த வெறும் பூச்சில்தான் பிடிக்கும், ஆயில் பிரைமர் மேல் நிற்காது. அதனால் அக்ரிலிக் பட்டி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கோட் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷன். இந்தக் கடைசிப் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததே, சீக்கிரம் முடிந்தும் போனது.

ஒன்று சொல்லவேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப்போலச் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவை ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர்கள். ஆயில் பிரைமரால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பும். அங்கே சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு அடிப்பதே முறை.

அந்த அறையில் என்னை உறுத்தியது வேறு. கரி பறந்த நாளெல்லாம் தொழிலாளர்கள் இருவரும் மூக்கில் கட்டியிருந்தது ஒரு துண்டு. கரித்துகளுக்குத் துண்டு ஒரு தடையே இல்லை. புகைபோக்கி துடைத்த தொழிலாளர்களுக்கு வந்த புற்றுக்குக் கரியே காரணம் என்று லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இலேயே எழுதினார். பெயிண்டர் வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் தொழில்களின் பட்டியலில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம். ஜன்னல் கம்பிகளில் பழைய பச்சை எனாமல் இருந்தது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற சட்டம் இந்தியாவில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி தேய்ப்பவரின் நுரையீரலுக்கும், பிறகு அந்த வீட்டுக் குழந்தையின் கைக்கும் போகக்கூடும். மேஸ்திரி அதை நனைத்துத் தேய்க்கச் சொன்னார். முகமூடியைப் பற்றிக் கேட்டபோது, “கான்ட்ராக்ட்ல அதெல்லாம் கட்டாது சார்” என்றார்.

கட்டாது என்பது உண்மைதான். பெயிண்ட் வேலைக்கு நாம் சதுர அடிக் கணக்கில் பேசுகிறோம். சுத்தமான சுவருக்கும் புகை குடித்த சுவருக்கும் ஒரே விலை. துடைக்கிற நாளும் கழுவுகிற நாளும் காயவிடுகிற நாளும் அந்த விலைக்குள் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெயிண்ட் எத்தனை வருடம் நிற்கும் என்பதை முடிவு செய்யும் வேலைக்குக் கூலியே இல்லை. பிறகு கறை வந்தால் பெயிண்டர் ஏமாற்றிவிட்டார் என்கிறோம். அவர் ஏமாற்றவில்லை, நாம் காசு கொடுக்காத வேலையை அவர் செய்யவில்லை.

புகை படிந்த சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்கள் இவை. துடைப்பதற்கும் சுரண்டுவதற்கும் கழுவுவதற்கும் நாள்கூலி தனியாகப் பேசுங்கள். சுவர் காய நாள் கொடுங்கள். என்-95 முகமூடியும் கையுறையும் பெயிண்ட் டப்பாவோடு சேர்த்து நீங்களே வாங்கி வையுங்கள். ஆயில் பிரைமர் அடிக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ வேண்டாம். வேலைக்கு வருபவர் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் பதிய உதவுங்கள். சதுர அடிக் கணக்கு, பிரைமர் காய்ந்த பிறகு தொடங்கட்டும்.