நிற்காத றேடியோ

மார்ச் 30, 2022, வெள்ளவத்தை

இன்று 10 மணித்தியாலம் கறண்ட் இல்லை. நாளைக்கு 13 என்று அறிவித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பா போன் எடுத்தார். றேடியோவின் மூன்று பெரிய பற்றரிகளும் இறங்கிவிட்டனவாம். கடைகளிலும் இல்லையாம். "ஏதாவது செய்து தாவன் தம்பி."

மார்ச் 31

மூன்று பற்றரி என்றால் 4.5 வோல்ற். பழைய மடிக்கணினியில் கழற்றிய லிதியம் அயன் கலம் ஒன்று 3 முதல் 4.2 வரை தரும். றேடியோவுக்கு நேரே கொடுக்கலாம். அதைச் சார்ஜ் பண்ணும் சுற்றைத்தான் இனித் தெரிவுசெய்ய வேண்டும்.

இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டுவிட்டது. நித்திரை வரவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

நேற்று மாலை 6 மணியிலிருந்து ஊரடங்கு. இன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் வேலை செய்யவில்லை. பகல் முழுக்க மேசையில் கிடந்தேன்.

வழி இரண்டு. மின்னை வினாடிக்குப் பல இலட்சம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுவிட்சிங் வகை அதிகம் சூடாகாது. ஆனால் அந்த வேகம் மத்திய அலையில் இரைச்சலாக விழும். அப்பா கேட்பது தூத்துக்குடி, 1053 கிலோஹேர்ட்ஸ். இரைச்சலில் அது அமிழ்ந்துபோகும்.

மற்றது ரி.பி.4056 என்ற சார்ஜ் சில்லு. வெட்டுவதில்லை, இரைச்சலும் இல்லை. மிச்ச வோல்றைச் சூடாக்கி விட்டுவிடும். 5 வோல்றில் கலத்தின் 3.7 போக 1.3. ஒரு அம்பியர் ஓடினால் 1.3 வாற்று, நகமளவு சில்லில், மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள். கடையில் வரும் பலகையில் 1.2 கிலோஓம் தடை இருக்கும். அதைக் கழற்றி 3 கிலோஓம் போட்டால் 400 மில்லி அம்பியர்தான் ஓடும், சூடு அரை வாற்றுக்கு இறங்கும். றேடியோ இழுப்பது 100. 13 மணித்தியாலத்துக்கு 1300. நாலு மணித்தியாலம் கறண்ட் வந்தால் ஈடுகட்டலாம்.

பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுத்து, சார்ஜ் ஆகும்போது றேடியோவை நிப்பாட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"நிப்பாட்டினா ஊரடங்கு எப்ப எடுக்கினம் எண்டு ஆர் எனக்குச் சொல்லுறது? எண்பத்திமூண்டு கலவரத்தில றேடியோ கேட்டபடியாத்தான் வெளியில போகாமல் இருந்தனாங்கள்."

அந்த றேடியோ நின்று நான் பார்த்ததேயில்லை. பாட்டுக்காக என்று நினைத்திருந்தேன்.

கணக்கு மாறுகிறது. மின்னோட்டம் பத்தில் ஒன்றாக, அதாவது 40க்கு, இறங்கினால்தான் சில்லு சார்ஜை நிறுத்தும். றேடியோவே 100 இழுத்தால் கலம் நிரம்பியது அதற்கு எப்படித் தெரியும்? 4.2 வோல்றிலேயே கலத்தை மணிக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும். கலம் கெட்டுப்போகும்.

ஏப்ரல் 5

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. றேடியோவுக்குத் தனி வழி விடப் பி-வகை மொஸ்பெற் ஒன்று, ஷொட்கி டயோட் ஒன்று. போன மாத விலையைச் சொன்னபோது கடைக்காரர் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் கொடியோடு காலிமுகத்திடல் ஆர்ப்பாட்டத்துக்குப் போனார்கள். நான் பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு.

கறண்ட் இருக்கும்போது றேடியோ டயோட் வழியாக 5 வோல்றிலிருந்து குடிக்கும், அதற்கு 4.7 போய்ச் சேரும். மொஸ்பெற் மூடியிருப்பதால் சார்ஜர் கலத்தை மட்டும் பார்க்கும். கறண்ட் போனதும் மொஸ்பெற் திறந்து கலம் றேடியோவோடு சேரும். செருகியைப் பிடுங்கினேன். செய்தி வாசிப்பவரின் குரல் அறவில்லை. மனம் துள்ளியது.

கலம் நிரம்பியதும் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் கறண்ட் உள்ள நேரம் ஓர் இரைச்சல். 5 வோல்ற் தரும் போன் சார்ஜரே சுவிட்சிங் வகை!

ஏப்ரல் 17

இரைச்சல் குறையவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "ஆள் கதைக்கிறது விளங்குதுதானே."

ஏப்ரல் 24

இரும்பு உள்ளக மின்மாற்றி வைத்த பழைய அடப்டர் தேடுகிறேன். அதில் அந்த இரைச்சல் இராது. இன்னும் கிடைக்கவில்லை.

அப்பாவின் பக்கத்து வீட்டார் தங்களுக்கும் செய்து தரக் கேட்கிறார்கள். செய்வேன். நீங்களே செய்வதென்றால், கலத்துக்குப் பாதுகாப்புச் சுற்று உள்ள பலகையையே வாங்குங்கள். சில்லின் விலையைக் கேட்க முதல், பாவிப்பவர் அதை எப்போது நிறுத்துவார் என்று கேளுங்கள். நிறுத்தவே மாட்டார் என்றால் றேடியோவுக்குத் தனி வழி விடாமல் கலத்தைச் சார்ஜில் போடாதீர்கள்.