முற்றத்தில் கிடைத்த விடை

இடப்பள்ளியில் எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் உள்ளன. கிணற்றடிச் செடி தளதளவென்று கொழுந்து விட்டிருக்கிறது; மதிலோரச் செடியில் முற்றிய இலைகளே மிச்சம்.

ஒருநாள் காலை எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி வந்தது. மதிலோரச் செடியை முன்னங்கால்களால் தட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தது. கிணற்றடிக் கொழுந்தையும் தட்டியது. வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையிட்டது.

நண்பர்களே, அதற்குக் காலிலும் சுவையறியும் உறுப்பு உண்டு. தாய் அந்த இலையை உண்பதில்லை. அதன் உணவு பூந்தேன். இலையை உண்ணப்போவது புழு. முட்டையை விட்டு வரும் இளம்புழு வேறு செடி தேடி வெகுதூரம் செல்ல இயலாது. முற்றிய இலையோ கடினமானது, நைட்ரஜன் குறைந்தது. ஆகவே தாய் தேர்ந்த இலையே பிள்ளையின் வாழ்வு.

"ஏனப்பா ஊரை விட்டு வந்தீர்கள்?" என்று சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். இராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியை விட்டு வந்து, இங்கே சலவைப் பெட்டி தேய்த்தவர் அவர். பதில் சொன்னதே இல்லை.

பூச்சி எண்ணித் தேர்கிறது என்று அறிவியல் கூறாது. அப்பா எண்ணித்தான் தேர்ந்தார். அந்தக் கொழுந்து அவருக்கன்று, எனக்கு.