மெல்லச் சொன்ன சொல்

கல்லூரியிலே யாம் முதலிற் கற்றது, மூத்தோர் முன் வாய் திறவாது நிற்றல். அதனாற் பெற்ற நன்மை பல, மறுக்கின்றோமல்லோம். ஆயினும் 1982 ஆம் ஆண்டு தை மாதம் 13 ஆந் திகதி வாஷிங்ரன் நகரில் நிகழ்ந்த விமான விபத்தின் விசாரணை வரலாற்றைப் படித்த நாள் முதல், அப்பாடத்தைக் குறித்து எமக்கோர் ஐயம் எழுந்துள்ளது.

அன்று பனி கடுமையாகப் பெய்தது. எயர் புளோரிடாக் கம்பனியின் போயிங் 737 விமானம், சிறகுகளிற் படிந்த பனி நீக்கப்பட்ட பின்னும் 49 நிமிடங் காத்து நின்றது. மீண்டும் பனி படிந்தது. விமானிகள் இருவருக்கும் பனிக்காலப் பறப்பிற் பழக்கங் குறைவு. எந்திரங்களை உறையாது காக்கும் சூட்டுக் கருவியை அவர்கள் முடுக்கவில்லை. அதனால் எந்திர வலுவைக் காட்டும் மானி, உண்மையில் 1.70 ஆக இருந்ததை 2.04 எனப் பொய்யாகக் காட்டிற்று.

விமானத்தைச் செலுத்தியவர் துணைவிமானி. ஓட்டந் தொடங்கியதும் மானிகள் தம்முள் ஒவ்வாமை கண்டு, 'இது சரியாகத் தோன்றவில்லையே' என்றார். 'சரிதான்' என்றார் தலைமை விமானி. துணைவர் மீண்டுஞ் சொன்னார், பின், ஒருவேளை சரியாயிருக்கலாம் என்றார், பின்னும் ஐயுற்றார். 'நிறுத்துக' என்று மட்டுஞ் சொன்னாரில்லை. நிறுத்தும் அதிகாரம் தலைவருக்கே உரியது. தலைவருக்கு வயது 34, துணைவருக்கு 31. மூன்றே ஆண்டு மூப்பு! எமது விடுதியில் ஈராண்டு மூத்த மாணவ முதல்வன் மணியைப் பிழையாக அடித்தபோதும் யாம் வாளாவிருந்தமை நினைவுக்கு வந்தது. அங்கே பிழைத்தது ஒருவேளைச் சோறு.

இங்கோ, விமானம் அரை நிமிடமளவே வானில் நின்றது. அண்மையிலிருந்த பாலத்தில் மோதி, வாகனங்களை நசுக்கி, உறைந்து கிடந்த பொற்றோமக் ஆற்றுள் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் நால்வரும் மாண்டனர். மீட்புக் கயிறு தம்மிடம் வருந்தோறும் பிறர்க்கே ஈந்து ஈற்றில் மூழ்கிய ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்பாரின் பெயரை அப்பாலம் இன்று தாங்கி நிற்கின்றது.

துணைவர் சுட்டிய அளவிலேயே ஓட்டத்தை நிறுத்தாமை தலைவரின் தவறென விசாரணைச் சபை கண்டது. துணைவரின் தயக்கத்தை யாம் பெரிதுங் குறைகூறோம். அவர் சொல்லவே செய்தார். இளையோர் துணிந்து உரைக்கவும் மூத்தோர் செவிகொடுக்கவும் பயிற்றும் முறையை யுனைற்றட் கம்பனி 1981 இலேயே தொடங்கியிருந்தது. இவ்விருவர்க்குப் பின்னரே அது எங்கும் பரவிற்று.

ஒலிப்பதிவின் ஈற்றிலே துணைவர், தலைவரைப் பெயர் சொல்லி அழைத்து, 'வீழ்கின்றோம்' என்கின்றார். பெயர் சொல்லி அழைக்குமளவுக்கு நெருங்கியவர்கள்.

'அறிவேன்' என்கின்றார் தலைவர்.