இறக்காமத்திலிருந்து ஒலுவில் வரை

இறக்காமம் என்றதும் அதன் குளமே முதலில் நினைவுக்கு வரும். வயல்கள் சூழப் பரந்து கிடக்கும் அந்நீர்ப்பரப்பிலே சிறு தோணியில் வலை வீசுவோர்க்குத் துடுப்பொன்றே போதும். ஆனால், அங்கிருந்து அக்கரைப்பற்றை அடைந்து, வடக்கே அட்டாளைச்சேனை, பாலமுனை ஆகிய ஊர்களைக் கடந்து ஒலுவிலுக்குச் செல்வோர் வேறோர் உலகத்தைக் காண்பர். 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட துறைமுகம் அங்கு உண்டு. அதன் வாயிலை மணல் மூடுவதும் மீனவர் முறையிடுவதும் தனிக்கதை.

நாம் சென்றபோது ஆழ்கடல் வள்ளமொன்றின் இயந்திர அறையினுள்ளே பழுதுபார்க்கும் காக்கா ஒருவர் குனிந்திருந்தார். பற்றரி வலுவிழந்துவிட்டமையால், அவ்வள்ளத்தார் இரண்டு இரவுகள் இயந்திரத்தை நிறுத்தாமலே கரைசேர்ந்தனராம். இத்தகைய டீசல் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரமின்றியும் ஓடும். நின்றுவிட்டாலோ பற்றரியின்றி மீண்டும் கிளம்பாது. பாய்மரக் காலத்தவர் காற்றுக்குக் காத்திருந்தனர். நடுக்கடலிலே பற்றரிக்காகக் காத்திருந்து ஆவதென்ன?

பற்றரிக்கு மின்னூட்டுவது ஓல்ரனேற்றர் எனும் ஆடலோட்டப் பிறப்பாக்கி. இயந்திரத்தின் வார்ப்பட்டி அதன் சுழலியைச் சுற்றுகிறது. சுழலியிலுள்ள கம்பிச்சுருளிற் சிறிது மின் பாய்ந்தால் அது காந்தமாகும். அக்காந்தம் சுழல, சூழவுள்ள சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கும். இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கித் தடித்த கம்பிவழியே பற்றரிக்கு அனுப்பும். ஓய்விலே ஏறக்குறைய 12.6 வோல்ற்று காட்டும் நிறைந்த பற்றரி, மின்னூட்டம் பெறும்போது 14 வோல்ற்றளவு காட்டும்.

முதலிற் காந்தமாவதற்குரிய மின் எங்கிருந்து வருகிறது? இதுவே நாம் அறியாதிருந்த புதுமை. திறப்பைத் திருப்பியதும் எரியும் சிறிய சிவப்பு விளக்கினூடாகவே அது மெல்லிய கம்பிவழி செல்கிறது! பிறப்பாக்கி வேலைசெய்யத் தொடங்கியதும் விளக்கின் இருபுறமும் மின்னழுத்தம் சமமாகும், விளக்கு அணைந்துவிடும். எச்சரிக்கை மாத்திரமன்று, தொடக்கி வைப்பதும் அதன் பணியே.

“புதுசு வாங்கத்தான் வேணுமா காக்கா?” என்று கவலையோடு கேட்டார் வள்ளக்காரர்.

“எதுக்கு தம்பி? திறப்பைப் போட்டா சிவப்பு லைற் எரியுதா? இல்லையே. பல்ப் போயிட்டுது, அவ்வளவுதான்.”

சில ரூபாய்ப் பொருளுக்காகப் பெருந்தொகை செலவிட இருந்தார் அம்மனிதர்! பல்பை மாற்றியபின், உப்புக்காற்றாற் பச்சை பூத்திருந்த கம்பி முனைகளைக் காக்கா சுரண்டித் துலக்கி, இறுக்கி, கிறீஸ் பூசினார். இயந்திரம் கிளம்பியது, சிவப்பு விளக்கு அணைந்தது. உதவிக்கு நின்ற பையன் பற்றரிக் கம்பியிலே கைவைக்கப் போக, “ஓடக்குள்ள கழட்டாத! உள்ளுக்க இருக்கிறதெல்லாம் எரிஞ்சிடும்” என்று அதட்டினார். பற்றரியின் தாங்கல் திடீரென நீங்கினால் மின்னழுத்தம் எகிறி இருவாயிகளைக் கெடுத்துவிடுமாம். பையன் கையை இழுத்துக்கொண்டான். வள்ளக்காரரோ பனிக்கட்டி ஏற்ற ஆளனுப்பப் புறப்பட்டுவிட்டார்.