ஷாலோமும் கிட்டாரும்

யு2 இசைக்குழுவை 1991-இன் ‘ஆக்டுங் பேபி’யின் இரைச்சலும் ஏளனமும் கலந்த ஓசையில் அறிந்த நீங்கள், 1981-இல் வெளிவந்த ‘அக்டோபர்’ தொகுப்பைக் கேட்டால் திகைப்பீர்கள். ‘குளோரியா’வில் இலத்தீன் வழிபாட்டுச் சொற்கள் ஒலிக்கின்றன. போர்ட்லாந்தில் போனோவின் பாடல் குறிப்புகள் காணாமற்போனதால் (2004-இல்தான் திரும்பக் கிடைத்தன!), ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பல வரிகள் அவசரமாகப் பிறந்தன. என் செவிக்கு அந்தத் தடுமாற்றமே ஜெபத்துக்கு நெருக்கமானது.

அந்நாட்களில் போனோ, எட்ஜ், லாரி மல்லன் மூவரும் டப்ளினில் ஷாலோம் என்னும் ஐக்கியத்தில் இருந்தனர். ராக் இசையும் விசுவாசமும் ஒன்றாய் நிற்குமோ என்ற கேள்வி அவர்களை வாட்டியது. எட்ஜ் குழுவை விட்டே விலக எண்ணினார். ஐக்கியத்தில் சேராத ஆடம் கிளேட்டனின் பிழைப்போ இவர்கள் மனச்சாட்சியில் தொங்கிற்று. முடிவில் மூவரும் ஷாலோமை விட்டனர், குழு நிலைத்தது. அதைப் பின்வாங்குதல் என்றுரைக்க எனக்கு நா எழவில்லை.