இல்லாத ஏரிக்கு ஒரு பிரயாணம்

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர்களுக்கு விஷயம் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. விமானத்தை விட்டு இறங்கியதும் குளிர். அப்புறம் ஒரு பனிமலை. அதற்கப்புறம் ரசம் சாதம் கிடைக்காத கஷ்டம். மூன்று அத்தியாயம் ஓடிவிடும். மாம்பலத்துக்குப் பிரயாணம் போனவனைப் பற்றி யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜனங்கள் மாம்பலத்துக்குப் புடவை வாங்கப் போவார்கள், ரெயிலேறப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள். பிரயாணம் என்று யாரும் போக மாட்டார்கள்.

நான் போனேன். அதுவும் பதின்மூன்று வாரம் போவதாக ஒப்புக்கொண்டு போனேன்.

உள்ளூர்ச் சானல் ஒன்றில் நிகழ்ச்சி தயாரிக்கும் இளைஞர் ஒருவர் வந்திருந்தார். என் கதைகளை விடாமல் படிக்கிறவராம். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. அவருடைய நிலையத்தார் ஊர் சுற்றும் நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த பணத்தில் செங்கல்பட்டைத் தாண்ட முடியாது.

"காமிரா ஒண்ணுதான் ஸார். கார் வாரத்துக்கு ஒரு நாள். அதனாலே மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, இந்த மூணுக்குள்ளேயே முடிச்சுடணும். நீங்க எழுதிக் குடுங்க, படத்துக்கு நான் பொறுப்பு" என்றார்.

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பார்கள். தொலைக்காட்சிக்கு எழுதினால் வந்துவிடும். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிச்சம் 22 நிமிஷம். ஒரே காட்சி ஐந்து வினாடிக்கு மேல் நின்றால் நேயர் வேறு சானலுக்குப் போய்விடுவார் என்பது இளைஞரின் சித்தாந்தம். ஆக ஒரு வாரத்துக்கு 264 துண்டுகள் வேண்டும். ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைந்தால் உருப்படியாகத் தொண்ணூறு தேறும். மீதியில் யாராவது ஒரு பையன் காமிராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருப்பான்.

சென்னையில் தொலைக்காட்சி ஆரம்பமானது 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி. அப்போது இருந்தது ஒரே நிலையம். எதைக் காட்டினாலும் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். மாற்றிப் பார்க்க வேறு ஒன்று இருந்தால் அல்லவா மாற்றுவதற்கு? எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

முதல் மூன்று வாரத்தில் கையிலிருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. கபாலீசுவரர் கோபுரம், தெப்பக்குளம், சாந்தோம் மாதா கோயில், பனகல் பார்க், எலியட்ஸ் கடற்கரையில் 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிர்விட்ட டேனிஷ்காரர் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் எல்லாம் ஆயிற்று. நான்காவது வாரம் மறுபடி கபாலி கோயில். முதல் வாரம் கோபுரத்தைக் கீழேயிருந்து மேலே காட்டியிருந்தோம். இந்தத் தடவை மேலேயிருந்து கீழே இறங்கினோம். ஐந்தாவது வாரம் அதையே குளத்துத் தண்ணீரில் தலைகீழாகக் காட்டலாம் என்று இளைஞர் உற்சாகமாகச் சொன்னார். அது கோடைக்காலம். குளத்தில் படிக்கட்டு தெரிந்த அளவுக்குத் தண்ணீர் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஏ. கே. செட்டியாரின் ஞாபகம் வந்தது.

இன்றைய வாசகர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். உலகம் சுற்றிய தமிழர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படத் தொழில் கற்றார். 1937-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்திஜியைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வேறு யாராக இருந்தாலும் நேரே ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு காந்தியிடம் ஓடியிருப்பார்கள். செட்டியாரின் யோசனை வேறு. காந்தியின் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்துவிட்டது. தண்டி யாத்திரையை அவருக்காக இன்னொரு தடவை நடத்த மாட்டார்கள். ஆனால் எங்கெங்கோ யார் யாரோ படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருள்கள் உலகத்தின் மூலை முடுக்குகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். கைக்கு வந்தது ஐம்பதாயிரம் அடி. அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடிப் படம் செய்தார். 1940-இல் அது தமிழில் வெளிவந்தது.

சரக்கு இல்லை என்று நாம் கையைப் பிசைகிற இடத்தில் அந்த மனிதர் விலாசம் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார். பிற்பாடு 1943-இலிருந்து அவர் நடத்திய 'குமரி மலர்' பத்திரிகையும் இதே ஜாதிதான். பழைய புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் புதைந்து கிடந்தவற்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பிரயாணக்காரர் என்றால் காலை மட்டும் நம்புகிறவர் என்று நினைக்கிறோம். இவருக்குப் பிறர் பார்த்ததன் மேல் மரியாதை இருந்தது. எழுத்தாளர்களிடையே இது அபூர்வமான குணம் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இளைஞரிடம் சொன்னேன்: "இருக்கிறதையெல்லாம் காட்டியாச்சு. இனிமேல் இல்லாததைக் காட்டுவோம்."

"இல்லாததை எப்படி ஸார் எடுக்கறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஏற்கெனவே நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அடையாறு பிரம்ம ஞான சபைத் தோட்டத்தில் பெரிய ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் தாய்மரம் எது என்று கேட்பார்கள். அது 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தாம் தோப்பாக நிற்கின்றன. அடையாற்று முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலம் 1977-இல் இடிந்தது. முழுசாக இருந்தால் அதை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்? மயிலாப்பூரில் லஸ் மாதா கோயிலுக்குப் போங்கள். போர்ச்சுகீசியர் கட்டியது, 1516 என்று வருஷம் சொல்வார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் காட்டுக் கோயில். சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகளும் ஆஸ்பத்திரிகளுமாக இருக்கும் இடத்தில் காடு எங்கே? பெயரில் இருக்கிறது. மயிலாப்பூரில் மயில் இருக்கிற மாதிரி.

இதையெல்லாம் விடப் பெரிய இல்லாத வஸ்து ஒன்று தியாகராய நகரின் அடியில் கிடக்கிறது. ஏரி.

நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து, மாம்பலத்தின் வழியாக வளைந்து, தெற்கே அடையாறு ஓடும் சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் மவுண்ட் ரோடுக்கு மேற்கே நீளமாகத் தண்ணீர் நின்ற காலம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் இதற்கு 'லாங் டாங்க்' என்று பெயர் வைத்தார்கள். படகுப் பந்தயம்கூட விட்டார்கள். 1920-களில் பட்டணத்தில் வீட்டுக்கு இடம் போதவில்லை. ஏரியை வடித்து மனை போட்டார்கள். நீதிக் கட்சி ஆட்சிக் காலம். அதனால் ஊருக்குப் பிட்டி தியாகராயரின் பெயர், நடுவில் இருக்கும் பூங்காவுக்குப் பனகல் ராஜாவின் பெயர், தெருக்களுக்கு அவர்களைச் சேர்ந்தவர்களின் பெயர். உஸ்மான் ரோடில் இன்று நகை வாங்கக் கூட்டத்தில் நெரிபடுகிறவர்கள் ஏரிப்படுகையில்தான் நெரிபடுகிறார்கள். வடகோடியில் நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னால் போயிற்று. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த நிலத்தில்தான்.

தண்ணீர் போய்விட்டது. பெயரை வடிக்க யாருக்கும் தோன்றவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. லேக் ஏரியா என்று ஒரு பேட்டையே இருக்கிறது. நாங்கள் அந்தப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தோம். லேக் வியூ ரோடின் முனையில் காமிராவை வைத்து, ஏரி தெரிய வேண்டிய திசையில் திருப்பினோம். மின்சாரக் கம்பிகளும், துணி உலரும் மாடிகளும், எதிர்வீட்டுச் சுவரும் தெரிந்தன. தொகுப்பாளினிப் பெண் அங்கே நின்று, "இதோ ஏரி" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். அது நன்றாக இருந்தது. எழுதிக் கொடுத்தவன் நான் என்பதற்காகச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு பாட்டி இருந்தாள். எண்பத்தெட்டு வயசு. 1955-இல் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். ஏரியை அவள் பார்த்ததில்லை; அவளுடைய மாமியார் பார்த்திருக்கிறாள்.

"எங்க மாமியாருக்கு ஏரி போயிடுத்துன்னு கடைசி வரைக்கும் நம்பிக்கையே வரலை. ஐப்பசி பொறந்தா அரிசி மூட்டையைத் தரையிலே வைக்க விடமாட்டா. பரண்லே ஏத்துன்னு பிடுங்கி எடுத்துடுவா. நானும் அப்படியே பழகிட்டேன். எங்காத்து நாட்டுப்பொண் சிரிப்பா" என்றாள்.

"அப்புறம்?" என்று இளைஞர் கேட்டார்.

"அப்புறம் என்ன, அந்த வருஷம் வந்துதே!"

2015 டிசம்பரைச் சொல்கிறாள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செம்பரம்பாக்கம் திறந்து, அடையாறு கரை புரண்டு, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் முழுகிய நாட்கள். மேற்கு மாம்பலத்துத் தெருக்களிலும் தண்ணீர் நின்றது. பாட்டி எழுந்து வாசற்படிக்கு வந்தாள். "மாமியார் எந்தப் பக்கம்னு சொல்லுவாளோ, அந்தப் பக்கமாத்தான் வந்துது. இப்படி வந்து, இதோ இப்படித் திரும்பி, அப்படிப் போச்சு" என்று கையை நீட்டித் தெருவின் மேல் ஒரு கோடு போட்டுக் காண்பித்தாள். கண்ணாடி வளையல் முழங்கை வரை நழுவிற்று. காமிராக்காரர் கெட்டிக்காரர்; முகத்தை விட்டுவிட்டுக் கையைத் தொடர்ந்து போனார். ஐந்து வினாடிச் சித்தாந்தம் அன்று காற்றில் பறந்தது. அந்தக் கை நாற்பது வினாடி.

நான் இதுவரை எழுதிய கதைகளில் அந்த நாற்பது வினாடிக்கு ஈடாக எத்தனை இருக்கும் என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குச் சுருக்கமாக முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இளைஞர் டெலிபோன் செய்தார். குரலே சரியில்லை. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கும் விளம்பரதாரர் வீட்டுமனை வியாபாரி. ஊருக்கு வெளியே எங்கோ அடுக்கு மாடி கட்டுகிறார். அவருடைய விளம்பரத்தின் முக்கியமான வாசகமே, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்பதுதான். ஏரிப்படுகையில் வீடு கட்டியதையும், வீட்டுக்குள் ஏரி வந்ததையும் காட்டிவிட்டு, உடனே அவருடைய விளம்பரத்தைப் போட்டால் எப்படி இருக்கும்? பாட்டி பேசியதை எடுத்துவிடச் சொல்கிறார்களாம்.

"எடுக்கலேன்னா?"

"நிகழ்ச்சி நின்னுடும் ஸார். எனக்கும் வேலை இருக்காது. போன மாசம்தான் வீட்டு அட்வான்ஸ் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேலை போகப்போவது அவருக்கு. என் கோபத்துக்கு அவரா வாடகை கொடுப்பது? உங்கள் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. பெயர்ப் பலகைகள் வந்தன. "இதோ ஏரி" வந்தது. அரிசி மூட்டையும் பரணும் வந்தன. அதில் விளம்பரதாரருக்கு ஆட்சேபம் இல்லை போலும். அதற்கப்புறம் பாட்டியின் குரல் நின்றுபோய், அடியில் வீணை வாசித்தது. நான் எழுந்து போவதாக இருந்தேன். அப்போது வாசற்படியும் கையும் வந்தன. இளைஞர் சத்தத்தைத்தான் எடுத்திருந்தார், கையை எடுக்கவில்லை. நாற்பது வினாடியும் அப்படியே இருந்தது. மெதுவாக நீண்டு, திரும்பி, கீழே இறங்கிப் போயிற்று கை. தெரியாதவர்களுக்கு அது ஏதோ பரத நாட்டிய அபிநயம் மாதிரி இருந்திருக்கும். விளம்பரதாரருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதை அடுத்து அவருடைய ஜன்னல் திறந்தது, ஏரி தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் இளைஞர் மறுபடி கூப்பிட்டார். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு அம்மாள் நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறாளாம். தரைத்தளத்தில் வீடு வாங்கி ஆறு மாசமாகிறது. படுத்த படுக்கையாக மாமனார் இருக்கிறார். அந்தப் பாட்டி வாசலில் நின்று கையைக் காட்டினாளே, அது எந்தப் பக்கம், கிழக்கா தெற்கா, எந்தத் தெரு வழியாகத் திரும்பிற்று என்று கேட்கிறாளாம்.

"நான் என்ன ஸார் சொல்லட்டும்?" என்றார் இளைஞர்.

"பாட்டி என்ன சொன்னாளோ அதைச் சொல்லுங்களேன்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஒரிஜினல் என்கிட்டேதான் இருக்கு ஸார், அழிக்கலை" என்றார். அன்று சாயங்காலமே அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து மேற்கு மாம்பலம் போனார். அன்று கார் கிடைக்கிற நாள் இல்லை.